வாக்குச் சட்டம் சர்ச்சையானால் விளையாட்டுச் சங்கமும் நிறுவனமும் என்ன செய்யலாம்: மதுரை நிர்வாகிகளுக்கு ஒரு வழிகாட்டி

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது. அதே நாட்களில்தான் தமிழகம் முழுவதும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தமும் நடந்துகொண்டிருந்தது. மதுரை ரேஸ்கோர்ஸ் அரங்கின் படிக்கட்டில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த இருவர், பெனால்டி கார்னருக்கு நடுவிலும், 2005 பட்டியலில் அப்பாவின் பெயர் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரத்தில் மேலூர்ப் பக்கத்துக் கபடிக் கழகம் ஒன்றின் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நம்ம கழகத்து சார்பா ஒரு அறிக்கை விடலாமாண்ணே, இல்ல போட்டியவே தள்ளி வச்சிரலாமா?" என்று கேட்டார். திருமங்கலம் அருகே கப்பலூர் தொழிற்பேட்டையில் சிறு ஆலை நடத்தும் நண்பர் ஒருவரும் ஏறத்தாழ அதே கேள்வியைக் கேட்டார். அவர்கள் இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை விரித்து எழுதியதே இந்த வழிகாட்டி. எந்தக் கட்சிக்கு ஆதரவாக நிற்பது என்பது இதில் இல்லை. வாக்களிக்கும் முறையைத் தொடும் ஒரு சட்டமோ ஆணையோ ஊரை இரண்டாகப் பிரிக்கும்போது, கட்சி சாராத ஓர் அமைப்பு எந்த வரிசையில் யோசித்து எதைச் செய்ய வேண்டும் என்பது மட்டுமே இதில் உண்டு.

இந்த விஷயத்தில் பாடம் படிக்க உலகம் திரும்பிப் பார்க்கும் ஊர் அமெரிக்காவின் அட்லாண்டா. ஜார்ஜியா மாநில ஆளுநர் பிரையன் கெம்ப் 2021 மார்ச் 25 அன்று எஸ்பி 202 என்ற தேர்தல் சட்டத்தில் கையெழுத்திட்டார். எட்டே நாளில், ஏப்ரல் 2 அன்று, அமெரிக்க பேஸ்பால் பேரவையின் (மேஜர் லீக் பேஸ்பால்) ஆணையர் ராப் மான்ஃப்ரெட், நட்சத்திர வீரர்கள் மோதும் அந்த ஆண்டின் ஆல்ஸ்டார் ஆட்டத்தையும் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வையும் அட்லாண்டாவிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தார். ஆட்டம் டென்வர் நகரின் கூர்ஸ் மைதானத்துக்குப் போய், ஜூலை 13 அன்று நடந்து முடிந்தது. அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட டெல்டா விமான நிறுவனமும் கோகோ கோலாவும் மார்ச் 31 அன்று அந்தச் சட்டத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தன. இந்த எட்டு நாட்களில் எது சரியாக நடந்தது, எது தடுமாறியது என்று பிரித்துப் பார்த்தால் நமக்கான முறை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

முதலில் சட்டத்தின் வாசகத்தைப் படியுங்கள்

சொல்வதற்கு எளிது, செய்பவர்கள் குறைவு. ஜார்ஜியா சட்டத்தைப் பற்றி உலகம் முழுவதும் பரவிய ஒற்றை வரி, "வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுத்தால் குற்றம்" என்பதாகும். வாசகம் அதைவிட நுணுக்கமானது. வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள்ளும், வரிசையில் நிற்கும் வாக்காளரிடமிருந்து 25 அடிக்குள்ளும் உணவோ தண்ணீரோ பரிசாக வழங்கக் கூடாது என்றது அது; தேர்தல் பணியாளர்கள் தண்ணீர்த் தொட்டி வைத்து வாக்காளர்கள் தாமே எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. ஆனால் அந்த வரியைக் கேலி செய்தவர்கள் கவனிக்காமல் விட்ட வேறு கனமான பிரிவுகள் இருந்தன. தபால் வாக்கு கோருவதற்கான காலம் தேர்தலுக்கு முந்தைய 180 நாட்களிலிருந்து 78 நாட்களாகக் குறைந்தது. தபால் வாக்குக்கு அடையாள எண் கட்டாயமானது. மாநிலத் தேர்தல் வாரியத்தின் தலைமைப் பொறுப்பு மாநிலச் செயலரிடமிருந்து பறிக்கப்பட்டது. உள்ளூர்த் தேர்தல் அதிகாரிகளை இடைநீக்கம் செய்யும் அதிகாரம் அந்த வாரியத்துக்கு வந்தது. சட்டத்தை ஆதரித்தவர்கள் வாரயிறுதி முன்கூட்டிய வாக்களிப்பு கூடியிருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். அதுவும் வாசகத்தில் இருந்தது.

பின்னால் வந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்டில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, 150 அடிக்கு அப்பால் வரிசையில் நிற்பவருக்கு உணவும் நீரும் தருவோரைத் தண்டிப்பதை மட்டும் தற்காலிகமாகத் தடுத்தார். 150 அடிக்குள் இருந்த தடையை அவர் தொடவில்லை. ஒரு சட்டத்தின் ஒரே பிரிவுக்குள்ளேயே நிற்கும் பாதியும் நிற்காத பாதியும் இருக்கக்கூடும் என்னும்போது, முழுச் சட்டத்தையும் ஒரு பிளக்ஸ் வரியில் அடக்கிப் பேசும் அமைப்பு மறுநாள் எதிர்த் தரப்பிடம் மாட்டிக்கொள்ளும்.

நம் ஊரில் இதைச் செய்யும் வழி இதுதான். பிரச்சினை சட்டமா, விதியா, தேர்தல் ஆணையத்தின் உத்தரவா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சிறப்புத் தீவிரத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய சட்டம் கிடையாது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 21ஆம் பிரிவைக் காட்டி ஆணையம் பிறப்பித்த உத்தரவு. ஆகவே அதை எதிர்ப்போரும் ஆதரிப்போரும் முறையிட வேண்டிய இடங்கள் ஆணையமும் நீதிமன்றமும்தான். "அரசு உடனே சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும்" என்று நம் கழகத்தின் தலைப்புத் தாளில் எழுதினால், அதைப் படிக்கும் அதிகாரி முதல் வரியிலேயே சிரித்துவிடுவார். இதற்கு மாறாக, 2021 டிசம்பரில் நிறைவேறிய தேர்தல் சட்டங்கள் திருத்தம், அதாவது வாக்காளர் பதிவையும் ஆதாரையும் இணைக்க வழி செய்தது, நாடாளுமன்றச் சட்டம்; அதைப் பற்றிய கோரிக்கை தொகுதியின் மக்களவை உறுப்பினருக்குப் போக வேண்டும். உங்கள் உறுப்பினர்களில் வழக்கறிஞர் ஒருவர் கட்டாயம் இருப்பார். உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அவரிடம் வாசகத்தைக் கொடுத்து, எந்தப் பிரிவு யாரைத் தொடுகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அந்த ஒரு பக்கம் கைக்கு வரும் வரை யாரும் பேட்டி தர வேண்டாம்.

அடுத்து, உங்கள் ஆட்களை எண்ணுங்கள்

அட்லாண்டா நிகழ்வில் எனக்கு மிகக் குறையாகப் பட்டது இதுதான்: பெரிய நிறுவனங்கள் சட்டத்தைப் பற்றி நிறையப் பேசின, அவற்றின் ஊழியர்களில் யாருடைய வாக்கு எந்தப் பிரிவால் சிக்கலாகும் என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசின. ஒரு கபடிக் கழகத்துக்கோ நூற்பாலைக்கோ அந்தக் கணக்கு ஒரு மாலை வேலைதான். உறுப்பினர் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே சட்டமன்றத் தொகுதி, பாகம் எண், வரிசை எண் ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மதுரை மாவட்டத்தில் மேலூர் தொடங்கி உசிலம்பட்டி வரை பத்துத் தொகுதிகள் இருக்கின்றன. ஒரே தெருவின் இரு பக்கங்கள் இரு பாகங்களில் இருப்பதும் உண்டு. எழுத முடியாமல் யார் பேனாவைக் கீழே வைக்கிறார்களோ, அவர்கள்தான் இந்தச் சர்ச்சையில் உங்கள் அமைப்பின் பங்கு.

2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழகத்தில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் பெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று ஆணையம் காரணம் சொன்னது. தகுதியுள்ளவர்களும் விடுபட்டிருக்கிறார்கள் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். இந்த இரண்டு கூற்றையும் மாநில அளவில் சரிபார்க்க ஒரு கழகத்தால் முடியாது. தன் பதிவேட்டில் இருப்பவர்களைப் பற்றி மட்டும் அதனால் உறுதியாகச் சொல்ல முடியும். எங்கள் பழைய கழகத்தில் இப்படிச் சரிபார்த்தபோது விடுபட்ட ஏழெட்டுப் பேரில் பெரும்பாலோர், வாடகை வீடு மாறியவர்களும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்ப் பொங்கலுக்கு மட்டும் ஊர் திரும்பும் பையன்களும்தான். அவர்களுக்குத் தேவைப்பட்டது கண்டன அறிக்கையன்று. ஒருவருக்கு இடமாற்றத்துக்கான படிவம் 8, இன்னொருவருக்குப் புதிதாகச் சேர்வதற்கான படிவம் 6, மற்றொருவருக்கு அந்தப் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலரின் கைப்பேசி எண் என்று தேவை ஆளுக்கு ஆள் மாறியது. பெயர் சேர்க்க மறுக்கப்பட்டால் வாக்காளர் பதிவு அலுவலரின் ஆணையை எதிர்த்து மாவட்ட ஆட்சியரிடமும், அதன் பிறகு மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலரிடமும் மேல்முறையீடு செய்ய 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வழி தருகிறது. 1950 என்ற உதவி எண்ணும் உண்டு. சட்டத்தின் ஆண்டும் எண்ணும் ஒன்றாக இருப்பதால் பையன்களுக்கு மறப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. கழகத்தின் சார்பில் படிவங்களைக் கட்டுக்கட்டாக நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவரும் தம் படிவத்தில் தாமே கையெழுத்திட வேண்டும். பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை என்று அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. உதவி செய்யப் போன செயலாளர் அதில் சிக்க வேண்டியதில்லை. பெயரை நீக்கக் கோரும் படிவம் 7 பக்கம் கழகம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது என் கருத்து. அண்டை வீட்டுக்காரர் பெயரை நீக்கச் சொன்னது யார் என்ற பேச்சு ஊரில் எழுந்தால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்தத் தெருவிலிருந்து ஒரு ரெய்டர் உங்கள் அணிக்கு வரமாட்டார்.

யார் பேசுவது, எப்போது பேசுவது

டெல்டா நிறுவனத்தின் தடுமாற்றம் இங்கே உதவும். ஜார்ஜியா சட்டம் கையெழுத்தான கையோடு அந்நிறுவனம் வெளியிட்ட முதல் அறிக்கை, மசோதா விவாதத்தின்போது வெகுவாக மேம்பட்டதாகப் பாராட்டுவது போல இருந்தது. வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் கொதித்தெழுந்தார்கள். மார்ச் 31 அன்று தலைமை நிர்வாகி எட் பாஸ்டியன் ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பில், இறுதிச் சட்டம் ஏற்கத்தக்கதன்று என்று எழுதினார். அன்றே ஜார்ஜியா கீழவை, டெல்டாவுக்குப் பயன்பட்ட விமான எரிபொருள் வரிச் சலுகையை நீக்க வாக்களித்தது. மேலவை அதை எடுத்துக்கொள்ளாமலே கூட்டத்தொடர் முடிந்ததால் சலுகை பிழைத்தது. ஒரு வாரத்துக்குள் இரு தரப்பையும் பகைத்துக்கொள்ள டெல்டாவால் முடிந்தது. முதல் அறிக்கையை எழுதியவருக்கும் இரண்டாவதை எழுதியவருக்கும் நடுவில் ஒரு தீர்மானம் இல்லாமல் போனதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சட்டம் கையெழுத்தான பிறகு பேசியதும் பெரும் குறையாகச் சொல்லப்பட்டது. அதே மார்ச் 31 அன்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் கென்னத் செனால்ட்டும், மெர்க் மருந்து நிறுவனத்தின் கென்னத் ஃப்ரேசியரும் முன்னின்று, 72 கறுப்பின நிர்வாகிகள் கையெழுத்திட்ட கடிதத்தை வெளியிட்டார்கள். மற்ற மாநிலங்களில் வரவிருக்கும் இத்தகைய மசோதாக்களை நிறுவனங்கள் முன்கூட்டியே எதிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். மறுநாளே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டெக்சாஸ் மசோதாவை அது சட்டமாகும் முன்பே எதிர்த்தது. அந்த மாநிலத்தின் சட்டம் வேறு வடிவில் செப்டம்பரில் கையெழுத்தானது என்றாலும், பேசும் நேரம் மாறியது.

நம் சங்கங்களில் நேரத்தைவிடப் பெரிய தொல்லை "யார்" என்பது. தலைவர் ஒரு கட்சிக்காரர், பொருளாளர் இன்னொரு கட்சிக்காரர், பரிசுக் கோப்பை கொடுப்பவர் மூன்றாவது கட்சிக்காரர். ஆகவே, வாட்ஸ்அப் குழுவில் பதினைந்து கட்டைவிரல்கள் நிமிர்ந்ததைச் சங்கத்தின் ஒப்புதல் என்று கொள்ளாதீர்கள். உங்கள் துணைவிதிகளில் சங்கத்தின் நோக்கங்களைப் படியுங்கள். பதிவுத் துறையில் கொடுத்த நகல் பீரோவில் எங்கேயோ இருக்கும். பொதுக்குழுவையோ செயற்குழுவையோ விதிப்படி அறிவிப்புக் கொடுத்துக் கூட்டி, கோரம், அதாவது குறைந்தபட்ச உறுப்பினர் வருகை, இருக்கிறதா என்று பார்த்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எதிர்த்தவர் பெயரையும் எழுதுங்கள். அவர் நாளைக்கும் நம்மோடு களத்தில் இறங்க வேண்டியவர். நிறுவனமாக இருந்தால் இயக்குநர் குழுவின் தீர்மானம். கூட்டு வணிகமாக இருந்தால் பங்குதாரர் எல்லோருடைய கையெழுத்து. ஊழியர்களிடம் ஆதரவுக் கையெழுத்து வாங்கவே கூடாது. முதலாளி நீட்டும் தாளில் தொழிலாளி போடும் கையெழுத்துக்கு ஊரில் யாரும் மதிப்புத் தரமாட்டார்கள், தேர்தல் நேரத்தில் அது வாக்காளர் மீது செலுத்தும் முறையற்ற செல்வாக்கு என்ற புகாருக்கும் இடம் கொடுக்கும்.

போட்டியை இடம் மாற்றலாமா

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அட்லாண்டாவை வைத்துக்கொண்டு பார்த்தால், என் பதில் பெரும்பாலும் "வேண்டாம்" என்பதே.

ஆட்டம் போனதும் வருமான இழப்பு 100 மில்லியன் டாலருக்கு மேல் என்று உள்ளூர்ச் சுற்றுலாத் துறையினர் ஒரு கணக்குச் சொன்னார்கள். அவ்வளவு இராது என்று பொருளியலாளர்கள் மறுத்தார்கள். தொகை எதுவானாலும் அதை இழந்தவர்கள் ஓட்டல் பணிப்பெண்களும், வாடகை வண்டி ஓட்டுநர்களும், மைதானத்தில் தின்பண்டம் விற்பவர்களும்தான். சட்டம் இயற்றியவர்களின் சட்டைப்பையிலிருந்து ஒரு டாலர்கூடப் போகவில்லை. சட்டத்தை முன்னணியில் நின்று எதிர்த்த ஜார்ஜியா ஜனநாயகக் கட்சித் தலைவர் ஸ்டேசி ஏப்ரம்ஸே, பேரவையின் நிலைப்பாட்டில் பெருமைப்பட்டாலும் ஆட்டம் போவது ஏமாற்றம் தருவதாகச் சொன்னார். அட்லாண்டா பிரேவ்ஸ் அணியும் வருந்தியது. அந்த ஆட்டத்தை வைத்து, அந்த ஆண்டு ஜனவரியில் மறைந்திருந்த பேஸ்பால் ஜாம்பவான் ஹாங்க் ஆரோனை அவருடைய ஊரிலேயே கௌரவிக்கத் திட்டமிட்டிருந்தார்கள் என்பது கூடுதல் வருத்தம். போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றியும் கேள்வி எழுந்தது. கொலராடோவிலும் அடையாளச் சான்று கேட்கிறார்களே என்றார்கள் ஒரு சாரார். அங்கே எல்லா வாக்காளருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வருகிறதே என்றார்கள் மறு சாரார். இடம் மாற்றுபவர் புதிய இடத்தின் சட்டத்தையும் முன்பே படித்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைக் குறிப்பு.

இடமாற்றம் பலன் தந்த நேரமும் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை மாநில விடுமுறையாக ஏற்க அரிசோனா வாக்காளர்கள் 1990இல் மறுத்தபோது, அமெரிக்கக் கால்பந்துப் பேரவை 1993 சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தை அங்கிருந்து கலிபோர்னியாவின் பசடேனாவுக்குக் கொண்டுபோனது. 1992இல் அரிசோனா வாக்காளர்கள் விடுமுறையை ஏற்றார்கள். 1996இல் ஆட்டம் அரிசோனாவின் டெம்பிக்கு வந்தது. அங்கே கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் வாக்காளர் கையிலேயே இருந்தது. கொடுத்தால் ஆட்டம் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அட்லாண்டாவில் இவை எதுவும் தெளிவாக இல்லை. சட்டத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்க, 2025 ஜூலை 15 அன்று ஆல்ஸ்டார் ஆட்டம் அட்லாண்டாவின் டிரூயிஸ்ட் பார்க்குக்கே திரும்பிவந்தது. 2021 ஜூனில் அமெரிக்க நீதித் துறை அந்தச் சட்டத்தின் மீது தொடுத்த வழக்கையும் 2025 மார்ச்சில் அதே துறை கைவிட்டது.

நமக்கும் இடமாற்ற அனுபவம் இருக்கிறது, ஆனால் அது வேறு வகை. 2009இல் ஐபிஎல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது, மக்களவைத் தேர்தலுக்கிடையே பாதுகாப்புத் தர இயலாது என்பதால். 2018 ஏப்ரலில் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் நடந்த கையோடு சென்னை அணியின் மற்ற ஆட்டங்கள் புனே போனது, காவிரிப் போராட்டத்தால். இரண்டிலும் பேரவை எதையும் எதிர்த்து இடம் மாறவில்லை. நடத்த முடியாமல் மாறியது. மக்கள் மனத்தில் இடமாற்றம் என்றால் இந்த இரண்டும்தான் நிற்கின்றன. ஆகவே, மேலூரில் நடக்கும் மின்னொளிக் கபடியை நத்தத்துக்கு மாற்றினீர்கள் என்றால், அனுமதி கிடைக்கவில்லை போல என்று ஊர் நினைக்குமே தவிர, எதிர்ப்பு என்று யாரும் படிக்கமாட்டார்கள். பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் கொடுத்த அட்வான்ஸ் மட்டும் போகும். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைப் பற்றி இந்தப் பேச்சே எழாது. வாடிவாசலை யாரும் டென்வருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

மாற்றுவதென்றே முடிவானால், மூன்று வரிகளைத் தீர்மானத்தில் எழுதுங்கள்: எது மாறினால் போட்டி திரும்பி வரும், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, இழப்பு அடையும் கடைக்காரர்களுக்குச் சங்கம் என்ன தரும். மூன்றாவது வரியை எழுத முடியாத சங்கம் போட்டியை அங்கேயே நடத்துவது நல்லது.

உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள்

2019 மக்களவைத் தேர்தல் தமிழகத்தில் ஏப்ரல் 18 அன்று வந்தது. அன்று மதுரையில் மீனாட்சியம்மன் தேரோட்டம். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். தேதியை மாற்றச் சொல்லி வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. தேதி மாறவில்லை, ஆனால் மதுரைத் தொகுதிக்கு வாக்களிக்கும் நேரம் இரண்டு மணி கூட்டப்பட்டு இரவு 8 மணி வரை ஆனது. வாக்காளருக்கு நேரமும் வழியும் கிடைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. நேரம் என்பது முதலாளி கையிலும் சங்கத்தின் கையிலும் இருக்கும் பொருள்.

ஆலை நடத்துபவர் முதலில் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவைப் படிக்க வேண்டும். வாக்குப்பதிவு நாளில் வாக்குரிமையுள்ள ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்க வேண்டும். தினக்கூலிக்கும் இது பொருந்தும். மீறினால் 500 ரூபாய் வரை அபராதம். வேலையை விட்டு நகர்ந்தால் ஆபத்தோ பெரும் இழப்போ நேரும் பணிகளுக்கு மட்டும் விலக்கு. 500 ரூபாய் இன்று கப்பலூரில் ஒரு மதியச் சாப்பாட்டுக் கணக்கு என்பதால், இந்தப் பிரிவைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. சட்டம் சர்ச்சை என்று அறிக்கை விட்டுவிட்டு, வாக்குப்பதிவு நாளில் இரண்டாவது ஷிப்டுக்கு ஆளை வரச் சொல்லும் ஆலையைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. வெளியூர்த் தொகுதியில் வாக்குள்ள தொழிலாளிக்கு முந்தைய நாள் இரவே கிளம்ப வசதியாக ஷிப்டை மாற்றிக் கொடுங்கள். விருதுநகர், சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாட்டுத்தாவணியில் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஒரு மணி நேரம் போதும்.

விளையாட்டுச் சங்கத்திடம் இருப்பவை தேதியும் மைதானமும் கூட்டமும். 2020 ஆகஸ்டில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் ஆட மறுத்து நின்றபோது, பேரவை அவர்களோடு பேசி ஒப்புக்கொண்டவற்றில் ஒன்று, அணிகளுக்குச் சொந்தமான அரங்குகளை வாக்குச்சாவடிகளாக மாற்ற உள்ளூர் அதிகாரிகளோடு சேர்ந்து முயல்வது. 2022 நவம்பர் 8 தேர்தல் நாளில் அந்தப் பேரவை ஓர் ஆட்டமும் வைக்கவில்லை. முந்தைய நாள் 30 அணிகளும் ஆடின. அட்லாண்டாவிலிருந்து ஓடியதைவிட இது என் மனத்துக்கு நெருக்கமான முன்மாதிரி. நம் ஊரில் வாக்குச்சாவடி பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான், சங்கம் அரங்கைக் கொடுக்கத் தேவையில்லை. வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் போட்டி வைக்காதிருப்பது, பட்டியல் திருத்த முகாம் நடக்கும் சனி, ஞாயிறுகளில் பயிற்சியை அதிகாலைக்கு மாற்றுவது, அரையிறுதி இடைவேளையில் மைக்கில் படிவம் 6க்கான தகுதி நாள் ஆண்டுக்கு நான்கு என்று ஒரு நிமிடம் அறிவிப்பது ஆகியவை போதும். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய அந்த நாட்களுக்குள் 18 நிறைவடையும் பையன்கள் உங்கள் ஜூனியர் அணியில் எத்தனை பேர் என்பது பயிற்சியாளருக்குத் தெரியும்.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வரும். அப்போது இதே செயல்களில் கவனம் கூட வேண்டும். வேட்பாளர் கையால் பரிசு வழங்கும் விழா வேண்டாம். பரிசுத்தொகையை ரொக்கமாக எடுத்துச் செல்லாதீர்கள். 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றி வைத்திருந்தால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும், பிறகு கோப்பையோடு கருவூலத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் பிரசாரம் கூடாது என்பதால், சங்கத்தின் பனியன் போட்டுக்கொண்டு தண்ணீர்ப்பந்தல் வைப்பதும் தேவையற்ற சந்தேகத்தைக் கிளப்பும். தண்ணீரும் நிழலும் சாய்தளமும் தேர்தல் ஆணையம் செய்துதர வேண்டிய வசதிகள், இல்லையென்றால் மண்டல அலுவலரிடம் சொல்லுங்கள். முதியவர்களை வண்டியில் அழைத்துப்போக ஆசைப்படுபவர்கள் முன்கூட்டியே மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேட்பாளர் சார்பில் இலவச வாகனம் என்பது முறைகேடு என்று சட்டம் சொல்வதால், உங்கள் ஆட்டோவில் ஒட்டியிருக்கும் பழைய ஸ்டிக்கர்கூட வினையாகலாம்.

பணத்தைப் பற்றி

அமெரிக்க செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல், நிறுவனங்கள் அரசியலை விட்டு விலகியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் எச்சரித்தார். கையோடு, தேர்தல் நன்கொடைகளைத் தான் சொல்லவில்லை என்றும் விளக்கினார். நிறுவனத்தின் வாய் வேண்டாம், பை மட்டும் வேண்டும் என்ற இந்த நிலை எந்த நாட்டு நிர்வாகிக்கும் புரியும். அதனால்தான் அறிக்கை விடும் முன் உங்கள் நன்கொடைக் கணக்கைப் பார்க்கச் சொல்கிறேன். எதிர்க்கும் சட்டத்தை இயற்றியவருக்கே போன மாதம் நன்கொடை கொடுத்திருந்தால், அதை வேறொருவர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

கம்பெனிகள் சட்டத்தின் 182ஆம் பிரிவின்படி மூன்று நிதியாண்டு நிறைவடையாத நிறுவனம் கட்சிக்கு நன்கொடை தர முடியாது. தருவதற்கு இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும். கட்சியின் மலரில் கொடுக்கும் விளம்பரமும் நன்கொடைக் கணக்கில் சேரும். மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்ற உச்சவரம்பை 2017இல் நீக்கினார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரங்களை ரத்து செய்தபோது அந்த நீக்கத்தையும் செல்லாது என்றது. மாநாட்டு மலருக்கு அரைப்பக்க விளம்பரம் கேட்டு வரும் அண்ணன்மாரிடம் இதைச் சொல்லித் தப்பித்தவர்களை நான் அறிவேன்.

வாடிக்கையாளரின் பக்கத்தையும் மறக்க வேண்டாம். 2017 ஜனவரியில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டுப் போராட்டக் கூட்டம் கூடி முடிந்த பின், மார்ச் 1 முதல் கோக்கும் பெப்சியும் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் முடிவு செய்தன. நான்கு வருடம் கழித்து அட்லாண்டாவில் அதே கோகோ கோலா, பேசவில்லை என்று ஒரு பக்கமும் பேசியது என்று மறு பக்கமும் புறக்கணிப்பு மிரட்டலைச் சந்தித்தது. பெட்டிக்கடைக்காரர் குளிர்ப்பெட்டியின் கதவைச் சாத்துவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எழுதுவதென்றால் எப்படி எழுதுவது

எல்லாம் பார்த்த பிறகும் அறிக்கை வேண்டும் என்று பொதுக்குழு முடிவு செய்தால், அரைப்பக்கத்துக்குள் எழுதுங்கள். கண்டனத்தை ஒரு வாக்கியத்தில் வைத்து, தெரிந்த உண்மைக்கும் கோரிக்கைக்கும் மீதி இடத்தைக் கொடுங்கள். மேலூர்ச் செயலாளருக்கு நான் எழுதிக் கொடுத்த மாதிரி இது:

"எங்கள் கழகத்தின் உறுப்பினர்களில் சிலருடைய பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை என்பதை அவர்களுடைய பாகம் எண்களுடன் சரிபார்த்திருக்கிறோம். அவர்கள் உரிய படிவங்களைத் தாமே அளித்துள்ளார்கள். வேலைக்காக வெளியூரில் தங்கியிருப்போர் நேரில் வர இயலாத நாட்களில் விசாரணை வைக்காமல், விடுமுறை நாட்களில் வைக்குமாறு வாக்காளர் பதிவு அலுவலரைக் கேட்டுக்கொள்கிறோம். இந்தத் திருத்தம் குறித்த வழக்குகளில் கழகம் எந்தத் தரப்பையும் சாரவில்லை. இத்தீர்மானம் செயற்குழுவில் பெரும்பான்மையுடன் நிறைவேறியது."

"பெரும்பான்மையுடன்" என்ற சொல்லை "ஒருமனதாக" என்று மாற்ற அவர் ஆசைப்பட்டார். இருவர் எதிர்த்திருந்தார்கள். மாற்ற வேண்டாம் என்றேன். அறிக்கையின் நகலை நாளிதழ்களுக்கு அனுப்பும் முன், பதிவு அலுவலரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை இரண்டாம் பிரதியில் வாங்கச் சொன்னேன்.

வெளியான பிறகு சில நாட்கள் தொல்லை இருக்கும். டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட், பேஸ்பால் பேரவையின் முடிவைக் கண்டித்து, அந்த மாநிலத்தின் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டத்தில் முதல் பந்தை வீச மறுத்தார். நமக்கு அது மைதான அனுமதி தாமதமாவதாகவோ, மின்னொளிக் கம்பத்துக்கு இணைப்பு வராததாகவோ, விளம்பரதாரர் கைப்பேசியை எடுக்காததாகவோ வரும். ஆகவே அடுத்த போட்டிக்கான அனுமதி விண்ணப்பத்தைத் தீர்மானத்துக்கு முன்பே கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்திருங்கள். ஒரே விளம்பரதாரரை நம்பியிருக்கும் சங்கம், இரண்டாமவரைத் தேடிக்கொண்ட பிறகு பேசட்டும். பேச வேண்டியவர் ஒருவர் மட்டும். மற்றவர்கள் "செயலாளரிடம் கேளுங்கள்" என்று சொல்லிவிடலாம்.

மேலூர்க் கழகத்தில் போட்டி குறித்த தேதியில், குறித்த மைதானத்தில்தான் நடந்தது. நுழைவாயிலில் பழைய பட்டியலும் புதிய பட்டியலும் தரவிறக்கிய மடிக்கணினியோடு ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். முதல் நாள் மாலை அதன் முன் நின்ற வரிசையில் எதிரணி மேலாளரும் இருந்தார்; அவருடைய மனைவியின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.